பிஎம்டபிள்யூ எம்10 பொறி

பிஎம்டபிள்யூ எம்10 என்பது ஜெர்மனியின் மியூனிக் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பிஎம்டபிள்யூ நிறுவனம் 1962 ஆம் ஆண்டு முதல் 1988 ஆம் ஆண்டு வரை உற்பத்தி செய்த, நான்கு உருளைகள் ஒரே வரிசையில் அமைந்த பெட்ரோல் பொறி ஆகும். நீரால் குளிர்விக்கப்படும் இப்பொறியை அந்நிறுவனத்தின் பொறியாளர் அலெக்ஸ் ஃபொன் ஃபால்கன்ஹவுசன் வடிவமைத்தார். 26 ஆண்டுகளில் 35 இலட்சத்துக்கும் மேற்பட்ட எம்10 பொறிகள் தயாரிக்கப்பட்டன.

தொடக்கத்தில் 1.5 லிட்டர் கொள்ளளவும் 80 குதிரைத்திறனும் கொண்டிருந்த இப்பொறி, பின்னர் 2 லிட்டர் வரை பெருக்கப்பட்டது. இதன் வார்ப்பிரும்பு உடலையே அடிப்படையாகக் கொண்டு செய்யப்பட்ட பந்தயப் பொறி 1983 ஆம் ஆண்டு பார்முலா 1 ஓட்டுநர் உலகப் பட்டத்தை வென்றது. நாள்தோறும் அலுவலகம் செல்லும் குடும்பக் காருக்கென வார்க்கப்பட்ட ஓர் உருளைத் தொகுதி உலகின் மிக உயர்ந்த பந்தயத்தில் வெற்றி பெற்றது மோட்டார் வரலாற்றில் மிக அரிதான நிகழ்வாகும்.

பெயர்

எம்10 என்ற பெயர் இப்பொறி பிறந்தபோது இடப்பட்டதன்று. முதலில் ஒவ்வொரு கொள்ளளவுக்கும் எம்115, எம்116, எம்118 என்பன போன்ற தனித்தனிக் குறியெண்கள் வழங்கின. பின்னாளில் இக்குடும்பம் முழுவதற்கும் எம்10 என்ற பொதுப்பெயர் வழங்கலாயிற்று. ஆகவே 1960களின் கார்களைப் பற்றிய பழைய ஆவணங்களில் இப்பெயரைத் தேடுவோருக்கு அது கிடைக்காமல் போகலாம். பொறி ஒன்றே, பெயர் மட்டுமே பிந்தியது.

பின்னணி

1950களின் இறுதியில் பிஎம்டபிள்யூ நிறுவனம் மூடப்படும் நிலையில் இருந்தது. அதன் விற்பனைப் பட்டியலின் ஒரு முனையில் எட்டு உருளைப் பொறி கொண்ட 502, 503, 507 முதலிய விலையுயர்ந்த கார்கள் இருந்தன. இவற்றை வாங்குவோர் மிகச் சிலரே. மறுமுனையில் முன்புறக் கதவு கொண்ட இசெட்டா என்னும் குமிழி வடிவச் சிறு கார் இருந்தது. அது நன்கு விற்றாலும் இலாபம் குறைவு. இவ்விரண்டுக்கும் இடையில், போருக்குப் பின் வளம் பெற்றுவந்த ஜெர்மானிய நடுத்தர வகுப்பினர் வாங்கத்தக்க கார் ஒன்றும் இந்நிறுவனத்திடம் இல்லை. விற்பனைத் துறையின் கண்ணுக்கு இக்குறை நெடுநாளாகவே தெரிந்திருந்தது. ஆனால் புதிய கார் ஒன்றையும் அதற்கான புதிய பொறியையும் உருவாக்கப் பணம் இல்லை.

1959 டிசம்பர் 9 அன்று நடந்த பங்குதாரர் பேரவைக் கூட்டத்தில், நிறுவனத்தை டைம்லர்-பென்ஸ் நிறுவனத்தின் கட்டுப்பாட்டின் கீழ் கொண்டு செல்லும் திட்டம் முன்வைக்கப்பட்டது. சிறு பங்குதாரர்களும் விற்பனை முகவர்களும் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். ஆண்டுக் கணக்கறிக்கையில், புதிய 700 காரின் உருவாக்கச் செலவு எழுதப்பட்ட முறை தவறு என்று அவர்கள் தரப்பு வழக்கறிஞர் சுட்டிக்காட்டினார். கணக்கறிக்கையில் பிழை இருந்தால் பங்குகளில் பத்தில் ஒரு பங்கை உடையோர் கோரினாலே கூட்டத்தை ஒத்திவைக்க வேண்டும் என்பது அன்றைய சட்டம். கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது, திட்டமும் கைவிடப்பட்டது. ஒரு கணக்குப் பிழை நிறுவனத்தைக் காத்தது எனலாம். இதன்பின் பெரும் பங்குதாரராக இருந்த ஹெர்பர்ட் குவான்ட் தன் முதலீட்டைப் பெருக்கி, நிறுவனத்தைத் தனித்து நடத்தத் துணிந்தார். 1959 இல் வெளிவந்த, காற்றால் குளிரும் இரண்டு உருளைப் பொறி கொண்ட பிஎம்டபிள்யூ 700 சிறு கார் நன்றாக விற்று அன்றாடச் செலவுக்கு வழிசெய்தது. கிடைத்த கால அவகாசத்தில் நடுத்தரக் கார் ஒன்றை உருவாக்குவதே எஞ்சியிருந்த பணி. "புதிய வகுப்பு" எனப் பொருள்படும் நோயெ கிளாசெ என்ற பெயரில் அத்திட்டம் தொடங்கியது.

வடிவமைப்பாளரும் அவரது வற்புறுத்தலும்

அலெக்ஸ் ஃபொன் ஃபால்கன்ஹவுசன் (1907–1989) 1934 இல் பிஎம்டபிள்யூ நிறுவனத்தில் மோட்டார் சைக்கிள் பிரிவில் சேர்ந்தவர். தாமே பந்தயங்களில் ஓட்டியவர். போருக்குப் பின் ஏஎஃப்எம் என்ற பெயரில் சொந்தமாகப் பந்தயக் கார்களைக் கட்டினார். 1954 இல் பிஎம்டபிள்யூவுக்குத் திரும்பி, 1957 முதல் பொறி உருவாக்கப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார்.

புதிய காருக்கு ஏறத்தாழ 1.3 லிட்டர் கொள்ளளவுள்ள பொறி ஒன்றை வடிவமைக்குமாறு அவரிடம் கேட்கப்பட்டது. அன்றைய பண நிலையில் இது நியாயமான கோரிக்கையே. சிறிய பொறிக்கு உலோகம் குறைவாகச் செலவாகும், எடையும் குறையும். ஆனால் ஃபால்கன்ஹவுசன் இதனை ஏற்கவில்லை. மக்களின் வருவாய் உயர உயர அவர்கள் கேட்கும் வேகமும் உயரும் என்றும், 1.3 லிட்டரில் முடிந்துவிடும் பொறியைச் சில ஆண்டுகளிலேயே தூக்கியெறிந்து மற்றொன்றை வடிவமைக்க நேரும் என்றும் அவர் கருதினார். குறைந்தது 1.5 லிட்டரில் தொடங்க வேண்டும், உடலை மாற்றாமலே 2 லிட்டர் வரை வளர இடம் இருக்க வேண்டும் என அவர் நிர்வாகத்தை இணங்கச் செய்தார்.

இங்கு ஒரு பொறியின் பொருளியலைக் கருத வேண்டும். பொறியை வரைவது அதிகச் செலவு பிடிக்கும் வேலையன்று. அதன் உருளைத் தொகுதியை வார்க்கும் அச்சுகளும், துளையிட்டுக் கடையும் இயந்திர வரிசைகளுமே பெருஞ்செலவு. அவ்வரிசைகள் ஒருமுறை நிறுவப்பட்டால், உருளைகளுக்கு இடையிலான தொலைவு போன்ற அடிப்படை அளவுகளை மாற்றுவது ஏறத்தாழ இயலாத செயல். எம்10 பொறியில் அடுத்தடுத்த உருளைகளின் மையங்களுக்கு இடையே 100 மி.மீ. இடைவெளி விடப்பட்டது. முதல் வடிவத்தின் உருளை உள்விட்டம் 82 மி.மீ. மட்டுமே என்பதால், சுவர்களுக்கிடையே அப்போதைக்குத் தேவையற்ற இரும்பும் இடமும் மிகுந்திருந்தன. கடனில் மூழ்கியிருந்த நிறுவனம் ஒன்று இந்த மிகுதியை ஏற்றுக்கொண்டது சிறிய முடிவன்று. அடுத்த கால் நூற்றாண்டுக்கு இந்த மிகுதியே நிறுவனத்தின் முதலீடாக அமைந்தது.

அமைப்பு

எம்10 பொறியின் உருளைத் தொகுதி வார்ப்பிரும்பாலும், அதன்மேல் அமரும் உருளைத் தலை அலுமினியக் கலப்புலோகத்தாலும் ஆனவை. பிஸ்டன்களின் மேல்-கீழ் இயக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டு காய்ச்சி அடிக்கப்பட்ட எஃகினால் செய்யப்பட்டு, ஐந்து தாங்கிகளில் அமர்த்தப்பட்டது. அக்காலத்து நான்கு உருளைப் பொறிகள் பலவற்றில் மூன்று தாங்கிகளே இருந்தன. ஒவ்வோர் உருளைக்கும் இரு பக்கமும் தாங்கி இருக்கும்போது தண்டு வளைந்து அதிர்வது குறைகிறது. உயர் சுழற்சி வேகத்தைப் பொறி அஞ்சாமல் தாங்குகிறது.

வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டு உருளைத் தலையின் மேலேயே அமைந்து, சங்கிலியால் சுழற்றப்பட்டது. அன்றைய குடும்பக் கார்கள் பெரும்பாலானவற்றில் கேம் தண்டு கீழே உருளைத் தொகுதியின் பக்கவாட்டில் இருந்து, நீண்ட கம்பிகளால் மேலுள்ள வால்வுகளைத் தள்ளியது. அக்கம்பிகளின் எடை வேகத்துக்குத் தடையாகும். தண்டை மேலே கொண்டுசென்றால் இக்கம்பிகள் தேவையில்லை. சிறிய நெம்புகோல்களே போதும். ஓர் உருளைக்கு இரண்டு வால்வுகள்: ஒன்று உள்ளிழுக்க, மற்றொன்று வெளியேற்ற. இவை ஒன்றுக்கொன்று எதிரே சாய்வாக அமைக்கப்பட்டதால் எரிப்பறை அரைக்கோளத்தை ஒத்த வடிவம் பெற்றது. காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை ஒரு பக்கத்தில் நுழைந்து, எரிந்த புகை எதிர்ப்பக்கத்தில் வெளியேறும். இக்குறுக்கோட்ட அமைப்பில் கலவை வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை என்பதால் பொறி எளிதாக மூச்சு விடுகிறது.

வால்வுகளின் இடைவெளியை உரிய காலங்களில் கையால் சரிசெய்ய வேண்டும். நெம்புகோலின் முனையிலுள்ள மையம் விலகிய சிறு வட்டைக் கம்பியால் திருப்பி இதனைச் செய்யலாம். சரிசெய்யத் தவறினால் தையல் இயந்திரம் போன்ற ஓசை எழும். பழைய பிஎம்டபிள்யூ கார்களை வைத்திருப்போர் பலரும் இவ்வேலையைத் தாமே செய்யக் கற்றிருந்தனர்.

பொறி காரினுள் நிமிர்ந்து நிற்காமல் வலப்புறமாக 30 பாகை சாய்த்து வைக்கப்பட்டது. இதனால் காரின் முன்மூடி தாழ்வாக அமைந்தது. உள்ளிழுக்கும் குழாய்களுக்கும் போதிய இடம் கிடைத்தது.

கொள்ளளவைக் கணக்கிடும் முறையை இப்பொறியைக் கொண்டே விளக்கலாம். உள்விட்டம் 82 மி.மீ., பிஸ்டன் நகரும் வீச்சு நீளம் 71 மி.மீ. உருளையின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 52.8 சதுர செ.மீ. இதனை 7.1 செ.மீ. நீளத்தால் பெருக்கினால் ஓர் உருளைக்கு ஏறத்தாழ 375 கன செ.மீ. கிடைக்கும். நான்கு உருளைகளுக்கும் சேர்த்து 1,499 கன செ.மீ. விட்டம் வீச்சைவிடப் பெரிதாக இருப்பதால் ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் குறைந்த தொலைவே நகர்கிறது. எனவே இப்பொறி விரைவாகச் சுழல விரும்பும் இயல்புடையது.

சாலைக் கார்களில் வளர்ச்சி

1961 செப்டம்பரில் பிராங்க்ஃபர்ட் மோட்டார் கண்காட்சியில் பிஎம்டபிள்யூ 1500 கார் காட்சிக்கு வைக்கப்பட்டது. 1962 இல் உற்பத்தி தொடங்கியது. நிமிடத்திற்கு 5,700 சுற்றுகளில் 80 குதிரைத்திறன் தந்த அதன் பொறி, நான்கு கதவுகள் கொண்ட குடும்பக் காருக்கு அன்று தாராளமான வலிமை. காரின் பிற பகுதிகளில் தொடக்கக் காலக் கோளாறுகள் இருந்தன. பல்லிணைப் பெட்டியும் பின் அச்சும் வாடிக்கையாளரின் குறைகூறலுக்கு ஆளாயின. பொறியைப் பற்றி அத்தகைய பேச்சு எழவில்லை. 1963 ஆம் நிதியாண்டுக்கு நிறுவனம் பல ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் பங்காதாயம் வழங்கியது.

ஃபால்கன்ஹவுசன் ஒதுக்கி வைத்த இடம் உடனே பயன்படத் தொடங்கியது. 1963 இல் வந்த 1800 காரில் விட்டம் 84 மி.மீ., வீச்சு 80 மி.மீ. ஆக்கப்பட்டுக் கொள்ளளவு 1,773 கன செ.மீ. ஆயிற்று, ஆற்றல் 90 குதிரைத்திறன். இரண்டு இரட்டைக் கார்புரேட்டர்கள் பொருத்தப்பட்ட 1800 டிஐ வகை 110 குதிரைத்திறன் தந்தது. பந்தய வீரர்களுக்கென 200 மட்டுமே செய்யப்பட்ட டிஐ/எஸ்ஏ வகையில் இது 130 ஆக உயர்ந்தது. 1964 இல் 1500 காருக்கு மாற்றாக வந்த 1600 காரில் 84 மி.மீ. விட்டமும் பழைய 71 மி.மீ. வீச்சும் சேர்ந்து 1,573 கன செ.மீ. தந்தன. இறுதியாக விட்டம் 89 மி.மீ., வீச்சு 80 மி.மீ. என அமைந்த 1,990 கன செ.மீ. பொறி 1965 இல் 2000 சி, சிஎஸ் கூபே கார்களிலும், 1966 இல் 2000 செடான் காரிலும் இடம்பெற்றது. சிறு பொறியாகத் தொடங்க வேண்டும் என்ற முதல் கட்டளையிலிருந்து 2 லிட்டரை எட்டச் சில ஆண்டுகளே ஆயின.

1966 மார்ச்சில் ஜெனிவாவில் காட்டப்பட்ட 1600-2 கார் இரண்டு கதவுகள் கொண்ட, எடை குறைந்த, விலை குறைந்த வடிவமாகும். இதிலிருந்து பிறந்ததே புகழ்பெற்ற 2002. அதன் பிறப்பைப் பற்றிய செய்தி சுவையானது. ஃபால்கன்ஹவுசன் தன் சொந்தப் பயன்பாட்டிற்கான 1600-2 காரில் 2 லிட்டர்ப் பொறியைப் பொருத்தச் செய்தார். திட்டமிடல் பிரிவின் இயக்குநர் ஹெல்முட் வெர்னர் பேன்ஷும் அதே மாற்றத்தைத் தன் காருக்குச் செய்திருந்தார். ஒருவர் செய்ததை மற்றவர் பின்னரே அறிந்தார். அதே காலத்தில் அமெரிக்க இறக்குமதியாளரான மாக்ஸ் ஹாஃப்மன் விரைவான சிறு கார் ஒன்று வேண்டும் என்று மியூனிக்கை நெருக்கிக்கொண்டிருந்தார். ஐரோப்பாவில் விற்ற இரட்டைக் கார்புரேட்டர் 1600 டிஐ அமெரிக்காவின் புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு உட்படவில்லை. பெரிய பொறியில் ஒரே கார்புரேட்டர் என்பது அவ்விதிகளையும் நிறைவுசெய்தது, வேகத்தையும் தந்தது. 1968 இல் 100 குதிரைத்திறனுடன் 2002 விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் பிஎம்டபிள்யூ என்ற பெயரைப் பரவலாக அறியச் செய்தது இக்காரே.

1971 இல் வந்த 2002 டிஐஐ காரில் கார்புரேட்டருக்கு மாற்றாகக் கூகல்ஃபிஷர் நிறுவனத்தின் இயந்திரவகை எரிபொருள் உட்செலுத்தி பொருத்தப்பட்டு 130 குதிரைத்திறன் பெறப்பட்டது. பின்னர் 1975 இல் தொடங்கிய முதலாம் தலைமுறை 3 வரிசை, 1972 இல் தொடங்கிய 5 வரிசை, 1980களின் இரண்டாம் தலைமுறை 3 வரிசை ஆகியவற்றின் நான்கு உருளை வகைகளிலும் எம்10 பொறியே தொடர்ந்தது. 1966 இல் பிஎம்டபிள்யூ வாங்கிய டிங்கொல்ஃபிங் நகரின் கிளாஸ் நிறுவனத்தின் கூபே காரிலும் இது பொருத்தப்பட்டு 1600 ஜிடி என்ற பெயரில் விற்கப்பட்டது.

ஆறு உருளைகள் கொண்ட எம்30 பொறி 1968 இல் வெளிவந்தது. அதே 30 பாகைச் சாய்வும், மேல்நிலைக் கேம் தண்டும், உருளை இடைவெளியும் கொண்ட அப்பொறியை, இரண்டு உருளைகள் கூட்டப்பட்ட எம்10 என்றே கொள்ளலாம்.

2002 டர்போ

பொறியிலிருந்து வெளியேறும் புகையின் விசையால் ஒரு சிறு காற்றாடியைச் சுழற்றி, அதனுடன் இணைந்த மற்றொரு காற்றாடியால் கூடுதல் காற்றை உருளைகளுக்குள் அழுத்தி அனுப்புவதே டர்போ மிகையூட்டியின் வேலை. 1969 இல் டர்போ பொருத்திய 2002 பந்தயக் காரைக் கொண்டு டீட்டர் குவெஸ்டர் ஐரோப்பியச் சுற்றுலாக் கார் வாகைப் போட்டியில் தன் பிரிவை வென்றார். இதன் தொடர்ச்சியாக 1973 செப்டம்பரில் பிராங்க்ஃபர்ட்டில் சாலைக்கான 2002 டர்போ அறிமுகமானது. 170 குதிரைத்திறன் தந்த இக்கார், ஐரோப்பாவில் தொடர் உற்பத்திக்கு வந்த முதல் டர்போ காராகக் கருதப்படுகிறது. அமெரிக்காவில் 1962 இலேயே இத்தகைய கார்கள் விற்கப்பட்டிருந்தன என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும்.

கூடுதல் காற்றை அழுத்தும்போது கலவை தானே வெடித்துவிடாமல் இருக்கப் பொறியின் அழுத்த விகிதம் 6.9 ஆகக் குறைக்கப்பட்டது. இதன் விளைவாகக் குறைந்த வேகத்தில் பொறி சோம்பலாகவும், டர்போ விழித்தவுடன் திடீரென முரட்டுத்தனமாகவும் நடந்துகொண்டது. முன்னே செல்லும் ஓட்டுநர் தன் பின்பார்வைக் கண்ணாடியில் படிக்கும் வகையில் "2002 டர்போ" என்ற எழுத்துகள் முன்புறத் தடுப்பில் தலைகீழ் வரிசையில் எழுதப்பட்டிருந்தன. "வழிவிடு" என்ற மிரட்டலாக இதனைக் கண்டு பலரும் சினந்தனர். அறிமுகமான அடுத்த மாதமே அரபு-இசுரேல் போரையொட்டி எண்ணெய் நெருக்கடி தொடங்கியது. பெட்ரோலைச் சேமிக்க ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை விதிக்கப்பட்ட நாட்டில் இக்காருக்கு இடமில்லாமற் போயிற்று. 1975 வரை 1,672 கார்களே செய்யப்பட்டன. வணிக நோக்கில் தோல்வியே எனினும், டர்போவுடன் பழகிய அனுபவம் நிறுவனத்திடம் தங்கியது.

பந்தயங்களில்

1965 ஆம் ஆண்டு பெல்ஜியத்தின் ஸ்பா 24 மணி நேரப் பந்தயத்தில் 1800 டிஐ/எஸ்ஏ வெற்றி பெற்றது. 1966 இல் ஹூபர்ட் ஹானெ 2000 டிஐ காரில் நூர்பர்க்ரிங் வடக்குச் சுற்றைப் பத்து நிமிடங்களுக்குள் கடந்தார். சுற்றுலாக் கார் ஒன்று இதைச் செய்தது அதுவே முதன்முறை. அதே ஆண்டில் லுட்விக் ஆப்ஃபெல்பெக் வடிவமைத்த, வால்வுகள் ஆரவாட்டில் அமைந்த சிக்கலான உருளைத் தலையை எம்10 உடலின்மேல் பொருத்தி, ஹாக்கன்ஹைம் களத்தில் குறுந்தூர வேகச் சாதனைகள் நிகழ்த்தப்பட்டன. காரை ஓட்டியவர் ஐம்பத்தொன்பது வயதான ஃபால்கன்ஹவுசனே.

பார்முலா 2 பந்தயங்களுக்கென நான்கு வால்வுத் தலையுடன் உருவாக்கப்பட்ட எம்12 பொறி 1973 முதல் மார்ச் அணிக்கு வழங்கப்பட்டது. அவ்வாண்டே ஜான்-பியேர் ஜாரியே ஐரோப்பியப் பட்டத்தை வென்றார். 1974 இல் பாட்ரிக் டெபாயே, 1975 இல் ஜாக் லஃபிட், 1978 இல் புரூனோ ஜக்கொமெல்லி, 1979 இல் மார்க் சூரர், 1982 இல் கொர்ராடோ ஃபாபி என ஆறு பட்டங்கள் இப்பொறியால் பெறப்பட்டன. இதன் பின்னணியில் இருந்தவர் பவுல் ரோஷே (1934–2016). 1957 இல் பிஎம்டபிள்யூவில் சேர்ந்து ஃபால்கன்ஹவுசனின் கீழ் பணிபயின்ற அவருக்கு, கேம் தண்டுகளில் இருந்த தேர்ச்சியால் "நொக்கன் பவுல்", அதாவது கேம் பவுல், என்ற பட்டப்பெயர் ஏற்பட்டது.

அக்காலப் பார்முலா 1 விதிகள் டர்போ இல்லாத பொறிகளுக்கு 3 லிட்டரும், டர்போ பொறிகளுக்கு 1.5 லிட்டரும் அனுமதித்தன. பிஎம்டபிள்யூ 1500 காரின் கொள்ளளவும் அதுவே என்பது தற்செயல் ஒற்றுமை. 1980 இல் பிஎம்டபிள்யூ பார்முலா 1 இல் நுழையும் முடிவை அறிவித்தது. பெர்னி எக்லெஸ்டோனின் பிரபாம் அணியுடன் உடன்பாடு ஏற்பட்டது. ரோஷே புதிதாக உருளைத் தொகுதி எதையும் வார்க்கவில்லை. எம்10 தொகுதியையே எடுத்துக்கொண்டார். விட்டம் 89.2 மி.மீ., வீச்சு 60 மி.மீ. என மாற்றி 1,499 கன செ.மீ. ஆக்கினார். நான்கு வால்வுத் தலையும், ஒற்றை டர்போவும், பாஷ் நிறுவனத்தின் இலத்திரனியல் கட்டுப்பாடும் சேர்க்கப்பட்டு எம்12/13 பொறி உருவாயிற்று.

புதிய தொகுதிகளைவிட, நெடுந்தூரம் ஓடிய பழைய கார்களின் தொகுதிகளையே ரோஷே விரும்பினார் என்பது பரவலாகக் கூறப்படும் செய்தி. இதற்கு உலோகவியல் காரணம் உண்டு. உருகிய இரும்பு அச்சினுள் ஆறும்போது தடித்த பகுதியும் மெல்லிய பகுதியும் ஒரே வேகத்தில் குளிர்வதில்லை. இதனால் வார்ப்பினுள் இறுக்கங்கள் தங்கிவிடுகின்றன. பல ஆண்டுகள் சூடாகியும் ஆறியும் வரும்போது அவை தளர்கின்றன; அதன்பின் கடைந்தால் வடிவம் திரும்பக் கோணுவதில்லை. தொகுதிகளைத் திறந்தவெளியில் மழையிலும் பனியிலும் போட்டுவைத்ததாகவும், பணியாளர்கள் அவற்றின்மேல் சிறுநீர் கழித்ததாகவும் வழங்கும் கதைகளில் மிகைப்படுத்தல் எவ்வளவு என்பதை வாசகர் முடிவுக்கே விடலாம்.

1982 ஜனவரி 23 அன்று தென்னாப்பிரிக்காவின் கியாலமியில் இப்பொறி முதன்முதலாகப் போட்டியிட்டது. தொடர்ந்து பழுதுகள். பிரபாம் அணி அடுத்த பந்தயங்களில் பழைய காஸ்வொர்த் பொறிக்குத் திரும்பியது. தங்கள் பொறியை ஓட்டாவிட்டால் கூட்டு முறியும் என்று பிஎம்டபிள்யூ எச்சரிக்க, உறவு கசந்தது. ஜூன் 6 அன்று டெட்ராய்ட் பந்தயத்திற்கு, முந்தைய ஆண்டின் உலக வாகையாளரான நெல்சன் பிக்கே தகுதி பெறவே இல்லை. திட்டமே கைவிடப்படலாம் என்ற நிலையில், ஒரு வாரம் கழித்து ஜூன் 13 அன்று கனடாவின் மொன்றியலில் அதே பிக்கே அதே பொறியுடன் வென்றார். மொன்றியலின் குளிர்ந்த காற்று டர்போவுக்கு உதவியது எனலாம். இரண்டாவதாக வந்தது காஸ்வொர்த் பொறி பூட்டிய பிரபாம் கார்.

1983 பருவத்திற்குக் கோர்டன் மரே வடிவமைத்த, அம்பு முனை போன்ற பிடி52 காரில் இப்பொறி பந்தயத்தின்போது ஏறத்தாழ 640 குதிரைத்திறன் தந்தது. பிஏஎஸ்எஃப் குழுமத்தைச் சேர்ந்த வின்டர்ஷால் நிறுவனம் டொலுயீன் மிகுந்த அடர்த்தியான எரிபொருள் ஒன்றை உருவாக்கித் தந்தது; உயர் அழுத்தத்தில் கலவை தானே வெடிப்பதை அது தடுத்தது. எரிபொருள் விதிகளை மீறியது எனப் போட்டி அணிகள் ஐயம் எழுப்பினாலும் முடிவுகள் மாற்றப்படவில்லை. அக்டோபர் 15 அன்று கியாலமியில் இறுதிப் பந்தயம். ரெனோ அணியின் அலன் புரோஸ்ட் 57 புள்ளிகளுடனும் பிக்கே 55 புள்ளிகளுடனும் களம் இறங்கினர். புரோஸ்டின் டர்போ பழுதாகி அவர் விலகினார். பிக்கே மூன்றாவதாக வந்து 59 புள்ளிகளுடன் பட்டம் பெற்றார். டர்போ பொறியால் வெல்லப்பட்ட முதல் ஓட்டுநர் உலகப் பட்டம் இதுவே. அப்பொறி முதன்முதலில் போட்டியிட்டு 630 நாட்களே ஆகியிருந்தன.

1986 இல் தகுதிச் சுற்றுகளுக்கென, சில சுற்றுகள் மட்டுமே உயிர்வாழும் பொறிகள் கட்டப்பட்டன. அவற்றின் ஆற்றல் 1,400 குதிரைத்திறனை எட்டியிருக்கலாம் என்பர். நிறுவனத்தின் அளவீட்டுக் கருவி 1,280 வரை மட்டுமே காட்டும் என்பதால் இது மதிப்பீடே. அவ்வாண்டு மெக்சிகோவில் பெனட்டன் அணியின் கெர்ஹார்ட் பெர்கர் பெற்றது இப்பொறியின் ஒன்பதாவது, கடைசி வெற்றி. பிஎம்டபிள்யூ விலகியபின் 1987, 1988 ஆண்டுகளில் மெகாட்ரான் என்ற பெயரில் இப்பொறி ஆரோஸ் அணியில் ஓடியது. 1987 இல் லிஜியே அணியும் இதைப் பயன்படுத்தியது.

எஸ்14

எம்10 தொகுதியின் மற்றொரு வழித்தோன்றல் 1986 இல் வெளிவந்த முதல் எம்3 காரின் எஸ்14 பொறி ஆகும். நிறுவனத் தலைவர் எபர்ஹார்ட் ஃபொன் கூன்ஹைம் கேட்டுக்கொண்டதன்பேரில் ரோஷே இரண்டே வாரங்களில் முதல் மாதிரியை ஆயத்தம் செய்ததாகக் கூறினார். ஆறு உருளை எம்88 பொறியின் தலையை எடுத்து, இரண்டு எரிப்பறைகளை அறுத்து நீக்கி, திறந்த முனையில் தகடு பற்றவைத்து, எம்10 உடலின்மேல் பொருத்தியதே அம்மாதிரி. இரு பொறிகளின் உருளை இடைவெளியும் ஒன்றாக இருந்ததால்தான் இது கைகூடியது. உற்பத்தி வடிவம் 2,302 கன செ.மீ. கொள்ளளவும், வினையூக்கி மாற்றி இல்லாத வகையில் 200 குதிரைத்திறனும் கொண்டது. 1990 இன் ஸ்போர்ட் எவலூஷன் வகையில் கொள்ளளவு 2,467 கன செ.மீ. ஆகவும் ஆற்றல் 238 ஆகவும் உயர்ந்தன. இப்பொறியுடன் ரொபெர்ட்டோ ரவாலியா 1987 இல் உலகச் சுற்றுலாக் கார் பட்டத்தை வென்றார்.

உற்பத்தி நிறைவு

1987 முதல் எம்10 இன் இடத்தை எம்40 பொறி படிப்படியாக ஏற்றது. அதில் கேம் தண்டைச் சுழற்றச் சங்கிலிக்குப் பதிலாகப் பல்வார் பயன்பட்டது. வால்வு இடைவெளி தானாகவே சரியாகியது. ஓசையும் எடையும் குறைந்தன. 1988 இல் எம்10 உற்பத்தி நின்றது.

மியூனிக்கில் பிஎம்டபிள்யூ தலைமையகமாக விளங்கும், கட்டிடக் கலைஞர் கார்ல் ஷ்வான்சர் வடிவமைத்து 1973 இல் திறக்கப்பட்ட கோபுரம், நான்கு உருளைகள் அருகருகே நிற்பது போன்ற தோற்றம் உடையது. நகர மக்கள் அதனை "நான்கு உருளை" என்றே அழைக்கின்றனர்.